ஏழு ஏ நம்பர் மெஷின்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குச் சங்கவி கையைத் தூக்கி, "மேடம், என் மெஷின்ல வேற யாரோ இருக்காங்க" என்றாள்.

நான் அப்போது லேபின் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பந்தி நடப்பதைப் பார்வையிடும் பெண்வீட்டுக்காரியைப் போல நின்றிருந்தேன். அந்தத் திமிருக்குக் காரணம் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு ஒரே ஒரு கட்டளையைத் தட்டியிருந்தேன். பத்து மணிக்குள் இருபத்து நாலு கம்ப்யூட்டர்களும் பழசையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டுத் தாமாகவே புதிதாகத் தயாராகிவிட்டன. ஒன்றில் இருப்பதுதான் மற்றதிலும். ஒரு புள்ளி கூட வித்தியாசம் கிடையாது.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் அரங்கநாதன் சார் நடத்தும் பயிற்சி மையத்தில் நான் லேப் இன்சார்ஜ். பாடம் நடத்துவது தீனதயாளன் சார். மெஷின்களைத் தயார் செய்து கொடுப்பது என் வேலை. ஒரு கம்பெனியின் தகவல்களை எல்லாம் ஒரே சர்வரில் வைத்தால், அது படுத்துவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் மூன்று சர்வர்களைக் கூட்டுச் சேர்த்து, ஒன்றில் எழுதுவதை மற்ற இரண்டும் உடனுக்குடன் நகலெடுத்துக்கொள்ளும்படி வைப்பார்கள். கிளஸ்டர் என்று பெயர். அதைக் கட்டவும் காப்பாற்றவும் கற்றுக்கொடுக்கும் ஆறு மாதப் படிப்பு எங்களுடையது. ஆளுக்கு மூன்று சர்வர் வாங்கிக் கொடுக்க நாங்கள் என்ன மெட்ராஸ் ஐ.டி. கம்பெனியா? ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே மூன்று கம்ப்யூட்டர்கள் இருப்பதாக நடிக்க வைப்போம். வி.எம். என்று சொல்வது அதைத்தான். இருபத்து நாலு இருக்கை, எழுபத்திரண்டு வி.எம்., ஒவ்வொன்றுக்கும் நாற்பது சொச்சம் வேலை.

இத்தனை வருஷமும் அதைக் கையால்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறு நாள் பிடிக்கும். ஆறாம் நாள் போட்டது முதல் நாள் போட்டதைப் போல இருக்காது. நடுவில் போன் வரும், கரண்ட் போகும், யாராவது வந்து சாவி கேட்பார்கள், ஒரு படி விட்டுப்போகும். பிள்ளைகள் "இது ராசியில்லாத மெஷின்" என்று சொல்லி இடம் மாறி உட்காருவார்கள். மெஷினுக்கு ஏது ராசி? கோளாறு முழுக்க என் கையில். அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கும். அதனால்தான் இந்த வருஷம் வைராக்கியமாக உட்கார்ந்து, இத்தனை வேலையையும் மெஷினே செய்துகொள்ளும்படி கட்டளைகளை வரிசையாக அடுக்கி ஸ்கிரிப்ட் எழுதினேன். ரிஷிவந்தியத்திலிருந்து வரும் பஸ்ஸில் சீட்டு கிடைத்த நாட்களில் எல்லாம் மடியில் நோட்டை வைத்து எழுதி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சோதித்து, மூன்று மாதம். தீனதயாளன் சார், "கையால போடறதுதாங்க சுத்தம். இத்த நம்பி வியாழக்கெழம மாட்டிக்கினு முழிக்கப் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வியாழக்கிழமை சென்னைக் கம்பெனியிலிருந்து வந்து செய்முறைத் தேர்வு வைப்பார்கள். தேறியவர்களுக்கு அங்கேயே வேலை.

சங்கவியின் திரையைப் போய்ப் பார்த்தேன். வியாழக்கிழமைக்கு ஒத்திகையாக, ஏதாவது ஒரு பட்டியலைப் போட்டு அதை மூன்று சர்வர்களிலும் வரவழைக்கச் சொல்லியிருந்தோம். அவள் கல்வராயன்மலைப் பெண். தன் மலை ஊர்களின் பெயர்களைப் போட்டதாகச் சொன்னாள். திரையில் கேசரி, மெதுவடை, வத்தக்குழம்பு, அப்பளம் என்று வரிசையாக இருந்தது.

"நான் ஊரு பேருதான் மேடம் அடிச்சேன். சோறு வந்துகினு கீது" என்றாள்.

லேபே சிரித்தது. பக்கத்தில் ஏழாம் நம்பரில் இருந்த மணலூர்பேட்டைத் தமிழழகன் எட்டிப் பார்த்து, "ஏய், அது எங்க அக்கா கல்யாண மெனு. நான் போட்டது" என்றான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மானிட்டரின் தலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். 7A. என் சிரிப்பு நின்றது.

அரங்கநாதன் சாருக்கு எட்டு ஆகாது. அவருடைய காரில், போனில், அரிசி மில்லின் மூட்டைக் கணக்கில் கூட எட்டு கிடையாது. லேபைத் திறந்தபோது மெஷின்களுக்கு நம்பர் ஒட்டியவர் அவரேதான். ஏழுக்கு அப்புறம் ஏழு ஏ, அதற்கப்புறம் ஒன்பது. நாங்களும் பழகிவிட்டோம். வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதுவோம். என் ஸ்கிரிப்ட்டில், ஒவ்வொரு மெஷினும் தன் பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்து அதையே தன் வி.எம்.களுக்கு விலாசமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எண்ணை மட்டும். ஏழு ஏவில் எண் எது? ஏழு. ஆக ஒரே தெருவில் ஏழாம் நம்பர் வீடு இரண்டு. தபால்காரர் எந்த வாசலில் முதலில் ஆளைப் பார்க்கிறாரோ அங்கே கொடுத்துவிட்டுப் போவார். தமிழழகன் எழுதியதைச் சங்கவியின் வி.எம்.கள் தங்களுக்கு வந்ததாக நினைத்து நகலெடுத்துக்கொண்டன.

இதைத் திருத்த ஐந்து நிமிஷம் போதும். ஏழு ஏவுக்கு உள்ளுக்குள் இருபத்தைந்து என்று கொடுத்தேன். சாருக்கும் எட்டுக்கும் நடுவில் நான் எதற்குப் போக வேண்டும்? சங்கவியின் திரையில் மலை ஊர்கள் ஒழுங்காக வந்தன. பிள்ளைகள் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்கள். என்னால் மட்டும் நகர முடியவில்லை. போன வருஷத் தேர்வில் அதே ஏழு ஏவில் உட்கார்ந்திருந்தது ராஜேஷ்குமார்.

அவனும் மலைதான், கரியாலூர். மலை பஸ் கீழே இறங்கி வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் இடம் பிடித்துவிடுவார்கள். கடைசியாக வருகிறவருக்கு யாரும் வேண்டாத ஏழு ஏதான் கிடைக்கும். இருபத்தெட்டு வயது, கல்யாணமானவன், லோடு வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு ஆறு மாதம் மேலும் கீழுமாக அலைந்து படித்தான். வகுப்பில் முதல் இரண்டு பேரில் ஒருவன். தேர்வன்று அவன் திரையில் பத்து லாரி நம்பர்கள் இருந்தன. பக்கத்தில் ஏழாம் நம்பரில் இருந்த உளுந்தூர்பேட்டை சரத்குமாரின் திரையிலும் அதே பத்து லாரி நம்பர்கள், அதே வரிசையில். சரத்குமாரின் அப்பாவுக்கு டோல்கேட் பக்கம் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல். லாரி நம்பர் சரத்குமாருடைய சரக்குத்தான் என்று முடிவு கட்ட யாரும் யோசிக்கக் கூடத் தேவையில்லை.

"நான் இத்த அடிக்கல மேடம்" என்றான் ராஜேஷ்குமார். "அப்போ யார் அடிச்சாங்க?" என்று தேர்வாளர் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து இருக்கையிலிருந்து காப்பியடித்ததாகத் தேர்வாளர் எழுதிய தாளில், கண்காணிப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அவன் காப்பியடித்ததை நான் பார்க்கவில்லை. மெஷின் பொய் சொல்லாது என்று நினைத்துப் போட்டேன். அந்தக் கம்பெனி நடத்தும் எந்தத் தேர்வையும் மூன்று வருஷத்துக்கு அவன் எழுத முடியாது என்று ஆனது.

பீரோவைத் திறந்து போன வருஷத்து விலாசப் பட்டியலை எடுத்தேன். என் கையெழுத்தில், நீல மையில், ஏழுக்கு நேரே போட்ட விலாசமும் ஏழு ஏவுக்கு நேரே போட்ட விலாசமும் ஒன்று. அந்த வருஷம் வகுப்பு இரண்டு பிரிவாக, இருக்கைக்கு இருக்கை இடம் விட்டு நடந்தது. ஏழும் ஏழு ஏவும் ஒரே நேரத்தில் ஓடியது தேர்வன்று மட்டும்தான். மூன்று மாதமாக நான் பெருமையாக எழுதிய ஸ்கிரிப்ட், போன வருஷம் நான் கையால் செய்த அதே தப்பை அப்படியே திரும்பச் செய்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். தீனதயாளன் சார் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நல்ல மனுஷர்.

அழுது முடித்தபின் ஒன்று தோன்றியது. போன வருஷம் போட்ட வி.எம்.கள் எப்போதோ அழிந்துவிட்டன. அவற்றை இனி யாருக்கும் காட்ட முடியாது. கையால் போட்டதைத் திரும்ப அதே மாதிரி போடவும் முடியாது. ஆனால் ஸ்கிரிப்ட் அப்படியில்லை. சரியானதைச் சொன்னால் சரியானதை எத்தனை தடவையும் செய்யும். தப்பைச் சொன்னால் அதே தப்பை எத்தனை தடவையும் செய்யும். அந்தப் பட்டியலில் இருந்த விலாசங்களோடு தப்பான பிரதியை வேறு பெயரில் பத்திரப்படுத்தினேன். பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் ஏழையும் ஏழு ஏவையும் மட்டும் அதைக்கொண்டு கட்டினேன். பன்னிரண்டு நிமிஷம். ஏழில் என் பெயரை அடித்தேன். ஏழு ஏவில் வந்தது. இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினேன். வந்தது. மூன்றாம் முறை வரவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஏழாம் நம்பரை முதலில் ஏற்றி ஓடவிட்டால் வருகிறது, ஏழு ஏவை முதலில் ஏற்றினால் வருவதில்லை என்று கண்டுபிடித்து, அதையும் ஸ்கிரிப்ட்டிலேயே எழுதினேன். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை பத்துத் தடவை. பத்துக்குப் பத்து வந்தது.

அரங்கநாதன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சுபஸ்ரீ, ஆனது ஆயிடுச்சும்மா. இப்ப போயி நம்ம தப்ப நாமளே தட்டுல வெச்சிக் குடுத்தா, இன்னா லேபு வெச்சிக்கினு கீறீங்கன்னு கேட்டு செண்டரையே தூக்கிட்டா? இருபத்து நாலு புள்ளைங்க தெருவுல நிக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. "ஒருத்தன் ஏற்கெனவே தெருவுல நிக்கிறான் சார். நிக்க வெச்சது நானு" என்றேன்.

"ஒன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கல சார். அதான் சங்கடமா கீது."

 அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வியாழக்கெழம எனக்கு மில்லுல ஜாஸ்தி வேல. நான் இங்க இருக்க மாட்டேன். நீ இன்னா பண்றியோ எனக்குத் தெரியாது" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. எழுந்து வந்துவிட்டேன்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். கரியாலூரில் இறங்கினால் அவன் வீட்டுக்கு எப்படிப் போவது என்று சங்கவி சொல்லியிருந்தாள். அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. ரோட்டோரத்திலேயே மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய வண்டிமேல் நின்று கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கை நின்றது. இறங்கி வந்தான். வணக்கம் சொல்லவில்லை.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. விலாசம், ஏழு, ஏழு ஏ என்று தாறுமாறாகச் சொன்னேன். அவனுக்கு அது போதும். பாதியிலேயே புரிந்துவிட்டது. இரண்டு நிமிஷம் அவன் முகத்தில், வகுப்பில் கணக்குப் பிடிபடும்போது வருமே, அந்தக் களை வந்தது. "ஏழ மொதல்ல ஏத்துனா மட்டும்தான் வருமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினான். அப்புறம் அந்தக் களை போய்விட்டது.

"அன்னிக்கு நீங்களும்தான் கையெழுத்து போட்டீங்க."

"போட்டேன். தப்புதான்."

"எங்க மாமனாரு இன்னும் சந்தைல வெச்சி சொல்லிக்கினு கீறாரு, காப்பியடிச்சி மாட்டுனவன்னு. ஒங்க மெஷினு வந்து அவருகிட்ட பேசுமா?"

"மெஷினு வராது. நான் வரேன். இப்ப வேணா வரேன், எந்த சந்தன்னு சொல்லு."

அவன் என்னையே பார்த்தான். சிரிப்பு வருவதைப் போல இருந்தது, வரவில்லை. "நாளைக்கி சின்னசேலம் லோடு. ஜவ்வரிசி மில்லுல எறக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வண்டிமேல் ஏறிக்கொண்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் கீழே நின்றபடியே, "ஒரு மணிக்கு. நீ வந்தாலும் வராங்காட்டியும் நான் காட்டத்தான் போறேன்" என்றேன். பஸ் வருகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அவன் திரும்பிப் பார்க்காமல் முடிச்சுகளை இறுக்கிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை காலை வந்தது போன வருஷம் வந்த அதே தேர்வாளர்தான். தனுஷா என்று பெயர், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், சிரிக்காத முகம். தேர்வு தொடங்கும் முன்பே என் கடிதத்தைக் கொடுத்தேன். ஒரே பக்கம். தப்பு யாருடையது என்ற இடத்தில் என் பெயர். இரண்டு தடவை படித்தார். "இது எனக்குப் புரியாம இல்ல. ஆனா ஒரு வருஷம் கழிச்சு யார் வேணா எது வேணா சொல்லலாம். தேர்வு முடியட்டும்" என்று கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

தேர்வு நடந்தது. திருத்திய ஸ்கிரிப்ட் போட்ட இருபத்து நாலு மெஷின்களும் மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தீனதயாளன் சார் வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து, "கையால போட்டிருந்தா இந்நேரம் நாலு பேராச்சும் கையத் தூக்கியிருப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னார். வேறு ஒரு நாளாக இருந்தால் அதைக் கேட்டுக் குதித்திருப்பேன். என் கண் முழுக்க வாசல்மேல் இருந்தது.

ஒரு மணிக்கு விடைகள் சேகரிக்கப்பட்டன. பிள்ளைகள் கிளம்பாமல் ஓரமாக நின்றார்கள், சங்கவி சொல்லியிருப்பாள். ஏழையும் ஏழு ஏவையும் இடித்துவிட்டுத் தப்பான பிரதியை ஓட்டினேன். பன்னிரண்டு நிமிஷத்தில் கட்டி முடிந்தது. ஒன்றேகாலுக்கு வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. ராஜேஷ்குமார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். சட்டை முழுக்கக் கிழங்கு மண். தேர்வாளரைப் பார்த்து, "வணக்கம் மேடம்" என்றான். அவர் தலையசைத்தார். நான் ஏழு ஏவைக் காட்டினேன். உட்கார்ந்தான். இரண்டு நொடிக்கு ஒருமுறை பட்டியலைத் தானாகவே புதுப்பித்துக் காட்டும்படி அவன் திரையை வைத்திருந்தேன், அவன் எதையும் தொடத் தேவையில்லை.

நான் ஏழில் உட்காரப் போனேன். தனுஷா என்னைத் தடுத்து, "நீங்க வேணாம். நான் அடிக்கிறேன்" என்றார். அதுவும் சரிதான். விலகி நின்றேன். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் அன்றைக்கென்று பலகைத் தடுப்பு வைத்திருந்தேன். அவர் அடிப்பது அவனுக்குத் தெரியாது. தடதடவென்று அடித்தார். எதையும் யோசித்து வைத்துக்கொண்டு வந்தவர் போலத் தெரியவில்லை.

"வந்திருக்கா?"

"வந்திருக்குதுங்க" என்றான் ராஜேஷ்குமார்.

"படிங்க."

"இட்லி ரெண்டு. காப்பி, சக்கர கம்மி." நிறுத்தினான். "பச்ச கலர் குட. அப்பா, ராத்திரி மாத்திர."

தனுஷாவின் விரல்கள் நின்றன. பிறகு மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார், முன்பைவிட வேகமாக, நம்ப மறுப்பவரைப் போல. அவன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனான். அவர் அடித்த மூன்றாவது நொடியில் அவன் குரல் வந்தது. ஒரு முறை கூடப் பிசகவில்லை.  ஓரத்தில் நின்ற பிள்ளைகளில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பத்தாவது வரியைப் படித்து முடித்தான். தனுஷா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஏழு ஏவுக்கு வந்தார். திரையைப் பார்க்கவில்லை. அவன் கைகள் எங்கே இருக்கின்றன என்று குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார்.

ராஜேஷ்குமாரின் இரண்டு கைகளும் தொடைமேல், உள்ளங்கை மேலே பார்க்க விரித்து வைத்தபடி இருந்தன. கயிறு அறுத்த தழும்பில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. அவர் நிமிர்ந்த பிறகும் அவன் அவற்றை எடுக்கவில்லை.